சி செக்ஷன் பேசிய வருடம்

1. தடை

"நாளையிலேர்ந்து இங்கிலீஷ் பீரியட்ல தமிழ் ஒரு வார்த்தை வரக் கூடாது. பிள்ளைங்க வாயிலேர்ந்தும் வரக் கூடாது, நம்ம வாயிலேர்ந்தும் வரக் கூடாது."

எங்கள் வைஸ் பிரின்சிபால் சுகந்தி மேடம் இதைச் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உப்பளம் பக்கத்தில் பெண்கள் மட்டும் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. நான் அங்கே ஆங்கில லெக்சரர். பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுப்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் ஆங்கில ஆசிரியர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மேடம், கிளாஸ்ல தமிழ் பேசலாமா, கூடாதா?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுகந்தி மேடம் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. பாடத்திட்டம் மாறிய பிறகு ஸ்பீக்கிங் டெஸ்ட் என்று ஒன்று வந்தது. வேறு பள்ளியிலிருந்து எக்ஸாமினர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் ஆங்கிலத்தில் பேசச் சொல்வார். முதல் தடவை அந்த அறையில் மேடமே போய் உட்கார்ந்திருந்தார். "மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ்" என்று பிள்ளை அழகாகச் சொல்லியிருக்கிறாள். "எந்தப் புத்தகம் படிச்சே?" என்று எக்ஸாமினர் ஆங்கிலத்தில் கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கும் அதே ஹாபி, அதே மௌனம். மேடம் அன்றைக்கு அவமானப்பட்டுத் திரும்பினார். அந்த வலியில் பிறந்ததுதான் இந்தத் தடை.

கூட்டம் முடிந்ததும் அந்துவான் சார் எழுந்து கைதட்டாத குறை. எங்கள் துறையில் மூத்தவர் அவர். வீட்டில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பெண் ஆசிரியர்கள் எல்லோரும் அவருக்கு 'மதாம்'தான்.

"மதாம், எனக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுத்த வாத்தியாரு, எங்க மிஸ்யே, ஒரு நாள் கூட தமிழ் பேசல. தண்ணியில தள்ளி விட்டாரு. நீந்திட்டோமா இல்லியா?" என்றார் என்னிடம்.

"உங்க வீட்ல ஏற்கெனவே கொளம் இருந்துச்சு சார். எங்க பிள்ளைங்க தண்ணியையே இங்கதான் பாக்குதுங்க" என்றேன். அவர் சிரித்தார். கோபப்படுகிற மனிதர் அல்ல.

இன்னொரு பக்கம் விஜயகுமார். இளைஞர், ரெட்டியார்பாளையத்திலிருந்து பைக்கில் வருவார். பாடத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லி, கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைத்து, மொத்தப் பிள்ளைகளையும் பாஸ் செய்ய வைத்துவிடுவார். "பாஸாவறதுதான மேடம் முக்கியம்? பேசறதெல்லாம் காலேஜ் போய்ப் பாத்துக்கட்டும்" என்பார். அவர் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடப்பதை வெளியே நின்று கேட்டால் தமிழ்ப் பாடம் என்றுதான் நினைப்பீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். நடுவில் நிற்பவளுக்கு இரண்டு பக்கமும் அடி விழும் என்பது தெரிந்ததுதான்.

2. ஒரு வாரம்

உத்தரவு உத்தரவுதான். ஒரு வாரம் நேர்மையாகக் கடைப்பிடித்தேன்.

பிளஸ் ஒன்னில் என்னிடம் இருந்தது சி செக்ஷன். பத்தாவதில் மதிப்பெண் குறைந்தவர்களையெல்லாம் சேர்த்துப் போடுகிற செக்ஷன். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், முல்லா வீதிப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நானும் அந்த வீதியில் வளர்ந்தவள்தான். மற்றப் பாடங்களில் சந்தை மாதிரி இருக்கும் அந்த வகுப்பு, தடை வந்த மறுநாள் ஆங்கில பீரியடில் மையித்து வைத்த சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் ஆங்கிலத்தில் கேட்பேன். முன் பெஞ்சுக்காரி ஒருத்தி "யெஸ் மேம்" என்பாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சந்தியாவை எழுப்பினேன். வீராம்பட்டினத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்டேன். எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. கண் நிறைந்தது. உட்கார்ந்துவிட்டாள். மற்ற பீரியடில் இவளை வாயை மூட வைக்க ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள்.

மணி அடித்ததும் வராந்தாவில் கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னாடி ஆச்சு உனக்கு?"

"சொல்றதுக்கு நெறைய இருக்குது மேடம். தமிழ்ல கடகடன்னு வருது. தமிழ் பேசக் கூடாதுன்னு அத்த உள்ளயே அமுக்குறேன். அத்த அமுக்குனா இங்கிலீஷும் சேர்ந்து அமுங்கிப் போவுது."

ஆங்கிலம் கற்பிப்பது பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

எனக்கு இது சட்டென்று விளங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சிறு வயதில் நான் குர்ஆன் ஓதப் போனேன். அரபியை ராகம் பிசகாமல் ஓதுவேன், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. அது இறைவணக்கம். அதன் நோக்கம் வேறு, அதன் நிறைவும் வேறு. ஆனால் பொருள் தெரியாமலே ஒரு மொழியை அழகாக உச்சரிக்க முடியும் என்பது அன்றே எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் 'மை ஹாபி'யை அப்படித்தான் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஓதிப் பயனில்லை. அதில் பேச வேண்டும், சண்டை போட வேண்டும், வேலை கேட்க வேண்டும்.

நேராக வைஸ் பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

"மேடம், சி செக்ஷனை மட்டும் என் இஷ்டத்துக்கு விடுங்க. ஸ்பீக்கிங் டெஸ்ட்ல எல்லாப் பிள்ளையும் வாயத் தொறப்பா."

"தமிழ் பேசியா?"

"தமிழ் வழியா. இங்கிலீஷ்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நடக்கலன்னா ஜமீலா மேடம்?"

"நடக்கலன்னா என் பிளஸ் டூ கிளாஸ அந்துவான் சாருக்குக் குடுத்துடுங்க. நான் லைப்ரரியப் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எதைப் பணயம் வைத்தேன் என்பது உறைத்தது. பிளஸ் டூ வகுப்பு என் உயிர். ஓய்வு பெறும் காலம் நெருங்கும்போது வகுப்பைப் பறிகொடுத்துப் புத்தக அலமாரிக்குத் தூசி தட்டுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

3. சாக்லேட் எங்கே?

முதல் நாள் பிள்ளைகளிடம் சொன்னேன். "கேள்வி தமிழ்ல கேக்கலாம். சந்தேகம் தமிழ்ல கேக்கலாம். பதில் மட்டும் இங்கிலீஷ்ல. தப்பா இருந்தாலும் இங்கிலீஷ்ல."

"தப்புன்னா சிரிக்க மாட்டீங்களே?" என்றது ஒரு குரல்.

"நல்லா சிரிப்பேன். நீயும் சிரி."

அன்றைக்குப் பாடம் பிரெசன்ட் பெர்ஃபெக்ட். பொதுவாக இதைப் பலகையில் சூத்திரம் எழுதி நடத்துவோம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் கோட்டை விடுவார்கள். ஜெனிஃபர் என்ற பெண்ணின் மாமா பாரிஸில் இருக்கிறார் என்பது வகுப்புக்கே தெரியும். அவளை எழுப்பி மாமாவைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

"மை அங்கிள் ஹேஸ் பீன் டு பாரிஸ்" என்றாள்.

"அப்படியா? சாக்லேட் எங்கடி?" என்றேன்.

அவள் விழித்தாள். "மாமா இன்னும் வர்லியே மேடம். அங்கதான இருக்காரு."

"வந்துட்டாருன்னு நீதான சொன்னே?"

வகுப்பு மொத்தமும் என்னையே பார்த்தது. பலகையில் இரண்டு வரி தமிழில் எழுதினேன். 'மாமா பாரிஸ் போயிட்டாரு.' 'மாமா பாரிஸ் போயிட்டு வந்துட்டாரு.'

"முதல் வரில மாமா இப்ப எங்க?"

"பாரிஸ்ல!"

"ரெண்டாவது வரில?"

"உப்பளத்துல!"

"முதல் வரிக்கு ஹேஸ் கான். ரெண்டாவதுக்கு ஹேஸ் பீன். ஜெனிஃபர், இப்ப சொல்லு."

"மை அங்கிள் ஹேஸ் கான் டு பாரிஸ். நோ சாக்லேட், மேம்."

அந்தச் சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது. 'போயிட்டாரு', 'வந்துட்டேன்', 'சாப்ட்டுட்டேன்' என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சிலேயே முடிந்த காரியத்தைத் தனியாகக் காட்டுகிற வழி இருக்கிறது. புத்தகத் தமிழில் எழுதியிருந்தால் இது இவ்வளவு சுலபமாகப் பிடிபட்டிருக்காது. பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழை வகுப்புக்குள் விட்டதால் பிடிபட்டது. அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் என் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தேன். ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் "தி பஸ் ஹேஸ் கான்டி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கூடவே அந்த 'டி'. எனக்கு அன்றைக்கு வேறு பரிசு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

4. அந்துவான் சார் வந்து உட்கார்ந்தார்

ஒரு நாள் அந்துவான் சார் வந்து, "மதாம், உங்க கிளாஸ்ல உக்காந்து பாக்கலாமா?" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு பிரமாதமாகப் போனது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "பிள்ளைங்க நல்லா புரிஞ்சிக்கிறாங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்த பீரியட்ல உங்க பிள்ளைங்க இங்கிலீஷ் பேசுனது எவ்ளோ?"

யோசித்துப் பார்த்தால், ஆளுக்கொரு வரிதான் இருக்கும்.

"பாலம் நல்லா கட்டியிருக்கீங்க மதாம். எல்லாரும் பாலத்து மேலயே நின்னு வேடிக்கை பாக்கறாங்க" என்றார்.

சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. டெஸ்ட் அறையில் எக்ஸாமினர் தமிழில் கேள்வி கேட்கப் போவதில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். மறுநாள் வழியை மாற்றினேன். பீரியடின் முற்பாதியில் தமிழ் வரலாம். பிற்பாதியில் தமிழுக்குக் கதவைச் சாத்திவிடுவோம், அதற்குப் பிறகு ஆங்கிலம் மட்டும். நானும் தப்ப முடியாது.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நடுவில் ஒரு சொல் தெரியாமல் போனால் பிள்ளைகள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் விழாமல் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. 'இதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை. தமிழில் இப்படிச் சொல்வோம். அது இந்த மாதிரி ஒன்று.' இதையே ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக் கொடுத்தேன். தமிழ்ச் சொல் வரலாம், ஆனால் அதைச் சுமந்து வரும் வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

இதைப் பழக்க, ஆங்கிலத்தில் நேர்ச் சொல் இல்லாத பொருள்களாகத் தேடிப் பிடித்து விவரிக்க வைத்தேன். ஒருத்தி கொழுக்கட்டையை விவரித்தாள். ஒருத்தி மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வதை விவரித்தாள், நடித்தும் காட்டினாள். அந்துவான் சார் வராந்தாவில் போகிறபோது நின்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு தடவை உள்ளே தலையை நீட்டி, "வடகம்! வடகம் பத்தி யாராச்சும் சொல்லுங்க, இங்கிலீஷ்ல" என்று கேட்டுவிட்டு, பதில் முடிகிறவரை நின்றார்.

5. டெஸ்ட் நாள்

அந்த வருடம் எக்ஸாமினராக வந்தவர் வயதில் மூத்த ஆசிரியர். சிரிக்காத முகம். நான் அறையின் பின்பக்கம் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சுகந்தி மேடமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

முதலில் வந்த பிள்ளைகள் தடுமாறினார்கள், ஆனால் பேசினார்கள். ஒருவரும் வாயடைத்து நிற்கவில்லை. மேடம் என் பக்கம் சாய்ந்து, "இவ பத்தாவதுல தமிழ்லயே பேச மாட்டாளே" என்று கிசுகிசுத்தார்.

சந்தியா வந்தாள். சீட்டு எடுத்தாள். 'என்னால் மறக்க முடியாத நாள்' என்பது தலைப்பு. சீட்டை இரண்டு தடவை படித்தாள். மீண்டும் உட்கார்ந்துவிடுவாளோ என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

பேசத் தொடங்கினாள். ஆங்கிலத்தில்தான். அவள் அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போன ஒரு நாள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்று வலுத்தது. போன் எடுக்கவில்லை. மற்ற போட்டெல்லாம் கரைக்கு வந்துவிட்டது, அப்பா மட்டும் வரவில்லை. தெரு ஜனம் மொத்தமும் கரையில் நின்றது. அம்மா அழவில்லை, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இலக்கணம் அங்கங்கே சறுக்கியது. அவள் நிற்கவில்லை. எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பொழுது சாயும்போது வேறொரு போட் அவள் அப்பாவின் போட்டை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு மீன் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்.

"தென் மை மதர் செட், டுடே யூ ஆர் தி பாடு" என்றாள் சந்தியா.

"பாடு? வாட் இஸ் தட்?" என்றார் எக்ஸாமினர். தமிழர்தான் அவர். ஆனால் டெஸ்டில் தமிழ் தெரியாதவர் போலத்தான் கேட்பார்.

அவள் ஒரு மூச்சு எடுத்தாள். இதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் பாடு என்போம், ஒரு நாளில் கடல் நமக்குக் கொடுக்கிற மீன் அது என்றாள்.

"ஓ, கேட்ச்!" என்றார் அவர்.

"யெஸ் சார், கேட்ச். பட் பாடு ஆல்ஸோ மீன்ஸ் சஃபரிங். ஒன் வேர்ட், டூ மீனிங்ஸ். மை மதர் செட் போத்."

எக்ஸாமினர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டெஸ்டை மறந்துவிட்டு, கடல் பற்றி, ஏலம் பற்றி, அவள் அம்மா பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவளும் விடவில்லை. அடுத்த பிள்ளை வெளியே காத்திருக்கிறாள் என்று சுகந்தி மேடம்தான் இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

வெளியே வந்த சந்தியா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "மேடம், நான் பேசிட்டேன் மேடம்! அவுரு கேக்கக் கேக்க வந்துனே இருந்துச்சு!"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

6. அதற்குப் பிறகு

கிளம்பும்போது எக்ஸாமினர் வைஸ் பிரின்சிபாலிடம் சொன்னது: "ஏ செக்ஷன் பிள்ளைங்க இங்கிலீஷ் சுத்தமா இருக்குது மேடம். சி செக்ஷன்ல என்னால கேள்வி கேக்கறத நிறுத்த முடியல."

ஏ செக்ஷன் அந்துவான் சாருடையது. நான் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். அவரே வந்து என் கையைக் குலுக்கினார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சுகந்தி மேடம் தடையை எடுத்துவிட்டார். "நான் வச்ச ரூல் நல்லதுக்குத்தான் வச்சேன். சரியா வரல. எடுத்துட்டேன்" என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார். ஒரு தலைமையின் வாயிலிருந்து அப்படிக் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. பிறகு, "இனிமே எப்படி நடத்தலாம்? ஜமீலா மேடம் சொல்லுங்க" என்றார்.

"வாரம் ஒரு பீரியட் அந்துவான் சார் என் கிளாஸுக்கு வரட்டும். அவுரு வந்தா தமிழே கிடையாது. அந்த நேரத்துல நான் ஏ செக்ஷனுக்குப் போறேன்."

அந்துவான் சார் எழுந்து, "தக்கோர், மதாம்" என்றார். சம்மதம் என்று பொருள். விஜயகுமாரும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "மேடம், என் கிளாஸ்லயும் ஒரு தடவ அந்த கொழுக்கட்டையப் பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அவர் செய்தும் பார்த்தார். இன்று அந்தப் பள்ளியில் பிள்ளைகளை நன்றாகப் பேச வைக்கும் ஆசிரியர் அவர்தான்.

இனி, என்னிடம் கேள்வி கேட்கிற இளைய ஆசிரியர்களுக்கு. எத்தனை பங்கு தமிழ், எத்தனை பங்கு ஆங்கிலம் என்று அளவு கேட்காதீர்கள், என்னிடம் அளவு இல்லை. பிள்ளையிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்து, வழி தெரியாமல் அவள் திணறுகிற இடத்தில் தமிழைக் கொடுங்கள். உங்களுக்குச் சோம்பலாக இருக்கிற இடத்தில் தமிழை எடுக்காதீர்கள். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஒரு நல்ல எதிராளியையும் தேடிக்கொள்ளுங்கள்.

என் பிளஸ் டூ வகுப்பு என்னிடமே இருந்தது. அடுத்த ஜூனில் பிளஸ் ஒன் அட்மிஷன் மேசையில் நான் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பத்தாவதில் நல்ல மதிப்பெண். நான் 'ஏ' என்று எழுதப் போனேன்.

அந்த அம்மா என் பேனாவின்மேல் கையை வைத்தார். "ஏ வாணாம் மேடம். என் பொண்ண சி செக்ஷன்ல போடுங்க. அங்கதான் பிள்ளைங்க பேசுதுங்களாமே?"